கேட்கும்வரை காத்திருந்தேன்

ஜூலை 14, திங்கள்

பள்ளிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஜூன் தொடக்கத்தில் பதினாறு. போன வருடம் இதே சமயம் முப்பத்தொன்று. எண்ணக் கூடாது என்று தினமும் நினைக்கிறேன், தினமும் எண்ணுகிறேன்.

பிள்ளைகள் பக்கத்துக் கொல்லையில் கடலை பிடுங்கிய இடத்தில் மிச்சம் பொறுக்கப் போனார்கள். திரும்பி வந்து யார் அதிகம் என்று சண்டை. ஒருத்தி தானாகவே தராசு கேட்டாள். பள்ளி தொடங்கிய வருடம் இப்படி நடந்திருந்தால் எனக்குக் கண் கலங்கியிருக்கும். இன்று தராசைத் தேடுவதே எரிச்சலாக இருந்தது. தேடிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

பள்ளி போர்டில் 'ஊற்று' என்று என் கையால்தான் எழுதினேன். பதினொரு வருடமாகியும் செய்யூர் ஆட்டோக்காரர்களுக்கு 'ஆட்டம் ஸ்கூல்' என்றால்தான் தெரியும்.

ஜூலை 17, வியாழன்

சுப்புராமன் சார் போன். மாற்றுப் பள்ளி நடத்துகிறவர்கள் வருடாவருடம் கூடுவது இந்தமுறை மாமல்லபுரத்தில், ஆகஸ்ட் பதினைந்து முதல் மூன்று நாள். இந்த ஏற்பாடெல்லாம் அவர்தான். எல்லோருக்கும் மூத்தவர். எனக்கு முன்பே பத்துப் பேர் அவரைப் பார்த்துப் பள்ளி தொடங்கியிருக்கிறார்கள்.

பேனருக்கு எங்கள் ரோகிணியின் படத்தைத்தான் போடப்போகிறாராம். மூன்று வருடம் முன்பு யாரோ எடுத்த படம். அப்போது அவளுக்கு எட்டு வயது. சவுக்கு மரத்தடியில் புத்தகத்தை விரித்துவைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை படிக்கிறாள்.

ஜூனில் அவள் நின்றுவிட்டாள். ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அதைச் சொல்லாமல், 'சரிங்க சார்' என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

ரோகிணியின் அம்மா துர்காதேவி வந்தாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக, அடையாள அட்டை கழுத்தில் தொங்க. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் கேன்டீன் வேலை அவளுக்கு.

எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் நான் அண்ணன். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அவர்கள் அம்மாக்களுக்கும். இன்று அவள் வந்ததும் 'சார்' என்றாள்.

புதுப் பள்ளியில் முதல் வாரமே டீச்சர் ரோகிணியை எழுப்பித் தமிழ்ப் பாடம் படிக்கச் சொல்லியிருக்கிறார். ரோகிணி எழுந்து நின்று, புத்தகத்தை விரித்து, படத்தைப் பார்த்து ஒரு கதை சொல்லியிருக்கிறாள். நன்றாகத்தான் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும், குரலை ஏற்றி இறக்கி. வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர் சிரிக்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பி, பிள்ளைக்கு 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும்கூட வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார். ரோகிணி இரண்டு வாரமாகப் பள்ளிக்கே போகவில்லையாம். எழுந்ததும் வயிற்று வலி என்று சுருண்டு படுத்துக்கொள்கிறாளாம்.

துர்காதேவி கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"எங்க மாமியார் வூட்ல காலனி தெருவுக்கு இன்னாத்துக்குப் புள்ளய அனுப்புறன்னு சண்ட. நான்தான் சார் பிடிவாதமா அனுப்புனேன். அஞ்சு வருஷம். இன்னா சார் பண்ணிகினு இருந்தீங்க?"

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டேன். அதைக் கேட்டதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

ஜூலை 23, புதன்

பள்ளி திறக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று பிள்ளைகளிடம் சொல்லும்படி மனைவி ஹெலனிடம் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

நியாயம் என் பக்கம்தான் என்று எழுதிப் பார்க்கிறேன்.

நான்காம் வகுப்பில் எனக்குப் படிக்க வராது. வாத்தியார் என்னை மணலில் முட்டி போட வைத்து, புத்தகத்தைத் தலைமேல் வைத்துக்கொள்ளச் சொல்வார். கீழே விழுந்தால் அடி. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த அப்பா ஒருநாள் சேற்றுக்காலோடு பார்க்க வந்து, வாசலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதனால்தான் என் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் 'படி' என்று சொல்லக் கூடாது என்று வைத்தேன். பிள்ளை தானாக வந்து கேட்கும். கேட்கும்வரை காத்திருக்க வேண்டும். இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். கைதட்டியிருக்கிறார்கள். முப்பது, நாற்பது பிள்ளைகள் தானாகவே கேட்டு, தானாகவே படித்தும் இருக்கிறார்கள். பொய்யில்லை.

ரோகிணி கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

ஜூலை 28, திங்கள்

சரி. இங்கேயாவது எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப்போவதில்லை.

எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் முன்பு சென்னையிலிருந்து பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். ரோகிணி யானைக் கதையைப் படித்துக் காட்டினாள். பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்குப் புத்தகம் தெரிந்தது. கிணற்றுக் கதைப் புத்தகம் அது. படமில்லாத பக்கம். அதைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொல் தடுக்காமல் யானைக் கதையை முடித்தாள். வந்தவர்கள் அசந்துபோனார்கள். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

அன்று சாயங்காலம் கேட்டிருக்கலாம். மறுநாள் கேட்டிருக்கலாம். 'கேட்கும்வரை காத்திரு' — எவ்வளவு சௌகரியமான கொள்கை. என்னை முட்டி போட வைத்த வாத்தியாருக்காவது எனக்குப் படிக்க வரவில்லை என்பது ஒரு பொருட்டாக இருந்தது. பாவி நான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூடிவிடுகிறேன். பெற்றோருக்குக் கடிதம் எழுதி, செய்யூரில் நாற்பது நகல் எடுத்தேன். ஒன்பது பிள்ளைகளுக்கு எதற்கு நாற்பது? வாய் தவறி நாற்பது என்று சொல்லிவிட்டேன், பழைய பழக்கம். செப்டம்பர் ஒன்று முதல் ஊற்று இயங்காது என்று இரண்டு பத்தி. காரணம் எழுதவில்லை.

ஹெலனிடம் காட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், நர்ஸ் சேலையில் பின் குத்திக்கொண்டே படித்தாள். 'நல்லா எழுதிகீறீங்க' என்றாள். பிறகு, 'அந்தப் பொண்ணப் போயிப் பாத்தீங்களா?' என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

தூக்கமில்லை. சாப்பாடு இறங்கவில்லை. கடிதக் கட்டு இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது. மூடுவதற்குக்கூடத் துப்பில்லாத ஆள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளை மாமல்லபுரம். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன். ஆனால் மூடுவதை அவர்களிடமாவது நேரில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு முன் கிளம்பிவிடலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இறங்கியதும் பேனர். கடற்கரைக்குப் போகும் சந்தில், சிலை செதுக்கும் கடைகளுக்கு நடுவில், ரோகிணி பத்தடி உயரத்துக்கு இருக்கிறாள்.

பெரிதாக்கியதால் தெரிந்தது. மடியில் புத்தகம் விரிந்திருக்கிறது, அவள் அதைப் பார்க்கவேயில்லை. கண் நேராக எதிரே உட்கார்ந்த பிள்ளைகள் மேல். ஒரு பிள்ளை படிக்கும்போது கண் எங்கே இருக்கும்? பள்ளி நடத்துகிறவர்கள் அத்தனை பேர் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறோம். எல்லோரும் 'என்ன தைரியம் பாருங்க அந்தக் கண்ணுல' என்றுதான் சொன்னோம்.

சந்திலேயே ஒரு டீக்கடையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போகத்தான் எழுந்தேன். சுப்புராமன் சார் பார்த்துவிட்டார், தோளில் கை போட்டு அழைத்துப்போய்விட்டார்.

பகலெல்லாம் என்ன பேசினார்கள் என்று தெரியாது. சாயங்காலம் வட்டம். மணலில் வட்டமாக உட்கார்ந்ததும் ஒரு சங்கு கைமாறி வரும். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். அவர் முடித்தபின் யாரும் பதில் சொல்லக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, கைதட்டக் கூடாது. ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு அடுத்தவர் கைக்குக் கொடுக்க வேண்டும். சார் பல வருடமாக வைத்திருக்கும் வழக்கம். மூடுகிறேன், நன்றி — இந்த இரண்டு வார்த்தையைத்தான் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

சங்கு கைக்கு வந்ததும் வாயில் வேறு வந்தது.

"பேனர்ல கீற பொண்ணு படிக்கல. கதை சொல்லிகினு கீது. அதுக்கு எழுத்து தெரியாது. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். நான் கேக்கல."

மேடைத் தமிழெல்லாம் எங்கே போனதோ, எங்கள் தெருப் பேச்சுதான் வந்தது. பிறகு அந்த ஒரு நிமிடம். இருபத்தாறு பேர், ஒரு சத்தமில்லை. யாராவது என்னை ஏசினால் தேவலை என்று இருந்தது. வழக்கமாச்சே, யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்து இருந்தவள் அன்பரசி. திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள், எனக்கு அதிகம் பழக்கமில்லை. சங்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "எங்ககிட்ட அந்த மாரி ரெண்டு பேரு. ஒருத்தன் பேரே மறந்துபோச்சு" என்றாள். அவ்வளவுதான். ஒரு நிமிடம் கழித்துச் சங்கு நகர்ந்தது.

அதற்கடுத்த ஆள், 'ஒருத்தன்' என்றார். அப்புறம் ஒரு அம்மா, மூன்று என்றார். சிலர் பேசாமல் கொடுத்துவிட்டார்கள். ஒருவர், தன் பையனிடம் படிக்க வருமா என்று கேட்க இப்போதும் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார். சொந்தப் பிள்ளை. கடைசியில் சங்கு சுப்புராமன் சாரிடம் போனது. நிறைய நேரம் கையிலேயே வைத்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் மணலில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மூன்று தோசை சாப்பிட்டேன். பசித்தது.

ஆகஸ்ட் 16, சனி — பஸ்ஸில், கை ஆடுகிறது

காலையில் நாஸ்தா தட்டோடு அன்பரசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் வீடு என் பள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டாள். இரண்டு கிலோமீட்டர் என்றேன்.

"அப்ப இங்க இன்னா பண்ற அண்ணாத்த?"

எனக்குக் கோபம் வந்தது. போய் என்ன செய்ய என்றேன். பிறகு, ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை, எனக்குப் படிக்கச் சொல்லித்தரவே தெரியாது என்றேன். உண்மை அதுதான். பதினொரு வருடம் பள்ளி நடத்தியவனுக்கு, தானாகப் படிக்காத ஒரு பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. தெரிந்துகொள்ளவே இல்லை. காத்திருப்பது ஒன்றைத்தான் கற்றிருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. சூளையில் வேலை இருக்கும் ஐந்தாறு மாதம்தான் அந்தப் பிள்ளைகள் இருப்பார்களாம், பிறகு குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். காத்திருக்க நேரம் ஏது? அதனால் ஒரு வழி வைத்திருக்கிறாள். பிள்ளையை ஒரு கதை சொல்லச் சொல்வது. சொன்னதை அப்படியே எழுதி, சொல் சொல்லாக வெட்டி, கலைத்துப் போட்டு, திரும்ப அடுக்கச் சொல்வது. தன் கதை என்பதால் அடுத்த சொல் என்ன என்று பிள்ளைக்குத் தெரியும். எழுத்துதான் தெரியாது. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போகிறது.

"நீ திருத்தாத. வூடுன்னு சொன்னா வூடுன்னே எழுது. அது வாயில வந்ததுதான் அது கண்ணுக்கு நிக்கும்."

மதியம்வரை மணலில் உட்கார்ந்து கற்றேன். உள்ளே ஏதோ கருத்தரங்கு. இரண்டு பேரும் போகவில்லை. குழுப் படம் நாளைக்கு. நான் கிளம்பிவிட்டேன். சுப்புராமன் சாரிடம் சொன்னபோது, தலையை மட்டும் அசைத்தார். பேனரை யாரோ கழற்றிச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

பயமாக இருக்கிறது. ஆனால் போக ஒரு இடம் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

துர்காதேவி வீட்டு வாசல். "வாணாம் சார். வுட்ருங்க" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

மறுபடியும் போனேன். மாமியார் வந்து, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்றார். எதிர்வீட்டுத் திருவேங்கடம் எழுந்து நின்று பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன். நாற்பத்தேழு வயதில் இன்னும் அந்தத் தெருவில் எனக்குத் தலை தானாகக் குனிகிறது.

ஆகஸ்ட் 23, சனி

ஹெலனும் கூட வந்தாள். நான் கூப்பிடவில்லை. மாமியாருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்று உரிமையோடு உள்ளே போய்விட்டாள், பின்னாலேயே நானும். மாமியார் கையை நீட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரோகிணி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. மன்னித்துவிடு என்றேன். அது அவளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை என் மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

பிறகு, இந்தப் பதினொரு வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் கேட்காததைக் கேட்டேன். நான் உனக்குப் படிக்கச் சொல்லித் தரவா?

ரொம்ப நேரம் தழையையே பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேப்பீங்கன்னு நான் இருந்தேண்ணா" என்றாள்.

துர்காதேவி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், தான் வீட்டில் இருக்கும்போது மட்டும் வரலாம் என்றாள். இன்னும் சார்தான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தொடங்கினோம். அவள் சொன்ன கதை: எங்க ஆடு கம்பெனி பஸ்ல ஏறிடுச்சு. டிரைவர் எறங்குன்னாரு. ஆடு ஐடி கார்டு காட்டிச்சு. உள்ள போயி நாஸ்தா துன்னுச்சு.

எழுதத் தாள் எடுத்துவரவில்லை. பையில் கடிதக் கட்டுதான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி வெட்டினேன். ரோகிணி ஒரு துண்டைத் திருப்பி, இந்தப் பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வேண்டாத பேப்பர் என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

ரோகிணி துண்டுகளையெல்லாம் வாரி எறிந்தாள். 'ஆடு' தெரிகிறது, 'ஓடு' தெரியவில்லை. தான் மக்கு என்றாள். மூன்றாம் வகுப்பு மணி, அடுத்த வீட்டுப் பிள்ளை, நன்றாகப் படிக்கிறானாம். நான் அன்பரசிக்குப் போன் போட்டேன். நாளைக்கும் போ என்றாள், அவ்வளவுதான். வேறு ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

என்னால் ஆகுமா? ஐந்து வருடத்தைச் சில மாதத்தில் எப்படி —

செப்டம்பர் 12, வெள்ளி

போனேன். துண்டுகளை அவளே பொறுக்கி, டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

ஊற்றில் இருக்கும் ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டேன். இரண்டு பேருக்குப் படிக்க வரவில்லை. இன்று பெற்றோரைக் கூட்டி அதைச் சொன்னேன், ரோகிணி பெயரைச் சொல்லாமல் அவள் கதையையும் சொன்னேன். ஒரு குடும்பம் அங்கேயே எழுந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நியாயம்தான். இப்போது எட்டு.

செப்டம்பர் ஒன்று எப்போதோ போய்விட்டது. மூடவில்லை. மூட மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

சுப்புராமன் சார் போன். பயத்தில் கொள்கையை விட்டுவிடாதே கிருபாகரா என்றார். விடவில்லை சார், யாரையும் முட்டி போட வைக்கவில்லை, கேட்கிறேன், அவ்வளவுதான் என்றேன். பிறகு தன் பள்ளியில் ஒரு பையனுடைய பெயரைச் சொன்னார். இருபது வருடம் முந்திய பெயர். ஊர், தெரு எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறார்.

அக்டோபர் 27, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து ரோகிணி பள்ளிக்குப் போனாள். அவளாகவே. துர்காதேவி பஸ்ஸுக்கு ஓடும்போது வழியில் சொல்லிவிட்டுப் போனாள்: "போய்கீதுண்ணா."

அண்ணா என்றாள்.

நவம்பர் 15, சனி

மழை விட்டிருந்தது. ரோகிணி டப்பாவோடு ஊற்றுக்கு வந்தாள், மணியையும் இழுத்துக்கொண்டு. இப்போது சனிக்கிழமைகளில் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் ஐந்தாறு பேர் வருகிறார்கள். ஆட்டம் ஸ்கூல்தானே, யாரும் தடுப்பதில்லை.

அலமாரியிலிருந்து அவளே அந்தக் கிணற்றுக் கதைப் புத்தகத்தை எடுத்தாள். சின்னப் பிள்ளைகள் சவுக்கடியில் உட்கார்ந்தார்கள். அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம், நினைத்தால் குரலை ஏற்றி இறக்கி மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவாள்.

படித்தாள். மோசமாகப் படித்தாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, 'கி... ண... று' என்று. நடுவில் இரண்டு பிள்ளைகள் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். மணி கொட்டாவி விட்டான். முதல் பக்கத்துக்கே கால் மணி நேரம் ஆனது. நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன், ஒரு தடவைகூட அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. கண் புத்தகத்தை விட்டு நகரவில்லை.